வயலின் டீச்சர் பதில்கள்

வயலின் கற்பது, கற்பிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவித்துவிட்டார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெற்றோர் எழுதியவை. மாணவர்கள் எழுதியது கொஞ்சம்தான். அவர்களெல்லாம் சாதகம் (தினப் பயிற்சி) செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லார் பெயரையும் விட்டுவிட்டேன்.

● உங்களைக் கச்சேரி வாசித்தவர் என்கிறார்கள் சிலர், சினிமா ரெக்கார்டிங்கில் இருந்தவர் என்கிறார்கள் சிலர். உண்மையில் யாரிடம் என்ன கற்றீர்கள் டீச்சர்?

பாட்டு அம்மாவிடம். வயலின் பெரியப்பாவிடம். வில் பிடிப்பதை மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து கற்றது ஒரு மேற்கத்திய இசை மாஸ்டரிடம். குடும்பம் நடந்தது ரெக்கார்டிங் வாசித்த பணத்தில். யார் எதைச் சொல்லியிருந்தாலும் பொய் சொல்லவில்லை.

பெரியப்பா மேடையில் பாடுகிறவர்களுக்குப் பக்கம் (பக்கவாத்தியம்) வாசித்தவர். வர்ணம் என்ற பயிற்சி உருப்படி ஒன்றை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) தாளம் போட்டுப் பாடிக் காட்டாமல் வயலின் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார். பிடிவாதம் போலத் தெரியும். ஆனால் வயலின்காரருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே! பாடுகிறவர்போலத் தொடையில் தட்டிக்கொண்டிருக்க முடியாது. வாசிக்க உட்காரும்முன் தாளம் உடம்புக்குள் போயிருக்க வேண்டும். அதற்குப் பாடுவதைத் தவிர வேறு வழி எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் வாசிக்கும்போது அவர் எதிரே உட்காரமாட்டார். அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "தைவதம் இறங்கியிருக்கு" என்று குரல் மட்டும் வரும். சரிசெய்தால், "இப்ப ஏறிடுத்து" என்று மறுபடியும் வரும். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று ஒருநாளும் வந்து காட்டியதில்லை. சரியான இடத்தை நானே தேடிப் பிடிக்கிறவரை பேப்பரின் பக்கம் திரும்பாது.

பிறகு ரெக்கார்டிங் வேலைக்குப் போக ஆசைப்பட்டபோது மேற்கத்தியர் கோடுகளில் இசையை எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் தெரிந்தாக வேண்டியிருந்தது. தேவாலய இசைக்குழு ஒன்றை நடத்திவந்த மாஸ்டர் ஒருவரிடம் சேர்ந்தேன். க்ராய்ட்சர் என்ற பிரெஞ்சு வயலின்காரர் எழுதிய 42 பயிற்சிகள் உலகம் முழுக்க மாணவர்கள் கையில் இருப்பவை. அதில் இரண்டாவது பயிற்சியைப் பிடித்துக்கொண்டார் மாஸ்டர். ஸ்வரங்கள் மாறாது, வில் மட்டும் மாறும். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில், இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, வில்லின் அடியில் மட்டும், நடுவில் மட்டும், நுனியில் மட்டும். பெரியப்பா என் காதைச் செதுக்கினார் என்றால் மாஸ்டர் என் வலது தோளை அவிழ்த்துவிட்டார்.

ஸ்டூடியோவில் இரண்டு வயலினுக்கு ஒரு ஸ்டாண்டு. உள்பக்கம் உட்கார்ந்தவர்தான் தாளைத் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் வெளிப்பக்கத்தவர் இருவருக்கும் சேர்த்து வாசிப்பார். வரிசையில் எல்லா வில்லும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறும். நம் மேடையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால், வில்லின் திசையைப் பற்றி யோசிக்காமலே காலம் ஓட்டுகிறவர்கள் நம்மில் அதிகம். இப்போது என் வகுப்பில் நடப்பது இந்த மூன்று பேர் கொடுத்ததன் கலவைதான். முதலில் பாட்டு, பிறகு வில், அதற்கும் பிறகுதான் இடதுகை விரல்.

● என் மகள் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் "சா… பா…" என்று வெறும் தந்தியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் கீபோர்டில் பாட்டே வாசிக்கிறாள். ஆசிரியர் இழுத்தடிக்கிறாரோ?

இழுக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறார், இழுத்தடிக்கவில்லை! அவரை விட்டுவிடாதீர்கள்.

கீபோர்டில் கட்டையை அமுக்கினால் ஸ்வரம் தயாராக இருக்கிறது. வயலினில் ஒலியையே வாசிப்பவர்தான் உண்டாக்க வேண்டும். வில்லில் இருக்கும் குதிரைமுடியில் ரோசின் என்ற பிசின் தடவியிருக்கிறோம். அந்தப் பிசுபிசுப்பு தந்தியைப் பற்றி இழுக்கும், ஓர் எல்லைக்கு மேல் தந்தி நழுவித் திரும்பும், மறுபடி பற்றும். ஒவ்வோர் அதிர்வுக்கும் இது ஒருமுறை நடக்கிறது. 3 கட்டை என்ற ஸ்ருதி அளவில் இரண்டாம் தந்தி நொடிக்குச் சுமார் 330 முறை இப்படிப் பிடிபட்டு விடுபடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தந்தியின் இந்த அசைவை ஆராய்ந்து விளக்கினார். வில்லின் வேகம், அதன் கனம், தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் அது படுகிறது ஆகிய மூன்றும் பொருந்தினால் இந்தப் பிடியும் நழுவலும் ஒழுங்காக நடக்கும். ஒன்று பிசகினாலும் கீச்சிடும், அல்லது காற்றுப்போல் சலசலக்கும்.

குழந்தைகளின் வில்லைக் கவனித்துப் பாருங்கள். அடியில் நேராக இருக்கும், நுனிக்குப் போகப் போக, விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டின் பக்கம் வளைந்து ஏறும். முழங்கை திறக்காமல் தோளையே பின்னால் இழுப்பதால் வரும் கோணல் அது. அதற்கு நான் செய்வது: பிள்ளையைக் கண்ணாடி முன் உட்கார வைத்து, தம்பூரா போட்டு, எட்டு எண்ணிக்கைக்கு ஒரு வில். வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று அவளே பார்க்க வேண்டும். அது வந்ததும் பதினாறு எண்ணிக்கை. எட்டில் அழகாக இழுத்த பிள்ளை பதினாறில் தடுமாறும். பாதியிலேயே வில் தீர்ந்துபோகும், அல்லது நடுவில் நடுங்கும். அந்த நடுக்கம் தானாக அடங்கும்வரை நான் விரல் வைக்கச் சொல்வதில்லை.

அழுத்தினால்தான் சத்தம் வரும் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. இஸ்திரி போடும்போது பெட்டியின் கனம்தானே வேலை செய்கிறது, கை அதை ஓட்டினால் போதும். வில்லும் அப்படித்தான். கட்டைவிரல் மடங்கி, சுண்டுவிரல் வளைந்து வில்லின்மேல் உட்கார்ந்திருந்தால் கையின் கனம் தானாகத் தந்திக்கு இறங்கும். கட்டைவிரல் விறைத்துவிட்டால் எதுவும் இறங்காது.

இரண்டு மாதம் அதிகமில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் வகுப்பில் அவள் பாடவும் இல்லை என்றால், அதை மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

● ஐந்து வயதில் சேர்க்கலாமா? பெரிய வயலினாகவே வாங்கிவிட்டால் வளர்ந்த பிறகும் உதவுமே?

சேர்க்கலாம். செருப்பை மட்டும் அளவு பார்த்து வாங்குகிறோம், வயலினை ஏன் வளரட்டும் என்று வாங்க வேண்டும்? கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு. காலுக்கும் சிறியவை உண்டு. பெயரைக் கேட்டு 'அரை' என்றால் பாதி நீளம் என்று நினைத்துவிடாதீர்கள். முழு வயலினின் உடல் சுமார் 35.5 செ.மீ., அரை வயலினின் உடல் சுமார் 31 செ.மீ. கண்ணுக்குச் சின்ன வித்தியாசம், சின்னக் கைக்குப் பெரிய வித்தியாசம்.

குழந்தையின் இடது கையை நீட்டச் சொல்லி வயலினைத் தோளில் வையுங்கள். முழங்கை லேசாக மடங்கிய நிலையிலேயே வயலினின் நுனியில் இருக்கும் தலைச்சுருளை விரல்கள் வளைத்துப் பிடித்தால் அளவு சரி. கை விறைத்து நீண்டால்தான் எட்டுகிறது என்றால் ஓர் அளவு குறையுங்கள். பெரிய வயலினில் எட்டி எட்டி வாசித்த கை, ஸ்வரத்தைக் குறைத்து வைக்கப் பழகிவிடும். பிறகு அதைச் சரிசெய்வது ஆசிரியர் தலையில் விழும்.

● என் மகனுக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற முதல் ஸ்வரப் பயிற்சியைத் தொடங்கினார்கள். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே விரல் எட்டவில்லை என்று அழுகிறான். ஏன்தான் இந்த ராகத்தில் தொடங்க வேண்டும்?

நல்ல கேள்வி. பையனுக்கு என் அனுதாபம்.

புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்லும் வரிசை இது. பாட்டுக்கு மிகப் பொருத்தம். வயலினுக்கும் ஒரு வசதி இருக்கிறது. நம் வயலினில் தந்திகள் முதல் தந்தியிலிருந்து பஞ்சமம் (ப), ஷட்ஜம் (ச), மந்த்ர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம், மந்த்ர ஷட்ஜம் என்று நிற்கின்றன. மாயாமாளவகௌளையில் ச–ரி–க–ம எந்த இடைவெளியில் போகிறதோ அதே இடைவெளியில்தான் ப–த–நி–ச போகிறது. ஆகவே ஷட்ஜத் தந்தியில் விரல் எங்கெங்கே விழுந்ததோ, பஞ்சமத் தந்தியிலும் அங்கங்கேதான் விழும். ஒரு தந்தியைப் பழகினால் இரண்டு தந்தி பழகிய கணக்கு.

சிக்கல் அந்த ரி–க இடைவெளி. ஆள்காட்டி விரல், தந்திகள் பிரடைப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் மேல்கட்டையை ஒட்டிப் பின்னால் போக வேண்டும், நடுவிரல் முன்னால் நீள வேண்டும். சின்னக் கைக்கு அது வலிக்கும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சம்பிரதாயக்காரர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. கை சின்னதாக இருந்தால் முதல் சில வாரம் சங்கராபரணத்தில் சரளி போடுகிறேன். அதிலும் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சுதான். மேற்கத்திய மாஸ்டர்கள் குழந்தைகளுக்குத் தொடங்கும் விரல் அமைப்பும் அநேகமாக அதுவே, ஏனென்றால் கை இயல்பாக அப்படித்தான் விழுகிறது. கை படிந்த பிறகு, "மற்ற விரல் இருக்கட்டும், முதல் விரலை மட்டும் பின்னால் இழு" என்கிறேன். உயர்ந்த சதுஸ்ருதி ரிஷபம் தாழ்ந்த சுத்த ரிஷபமாகிறது, தைவதமும் அப்படியே. காந்தாரம், மத்யமம், நிஷாதம் எதுவும் அசையவில்லை. மேளம் எனப்படும் தாய்ராக வரிசையில் 29-ஆவதான சங்கராபரணத்திலிருந்து 15-ஆவதான மாயாமாளவகௌளைக்கு ஒரே விரலில் வந்துவிட்டோம்! பிள்ளைகளுக்கு இது மாயாஜாலம் மாதிரி. மேளகர்த்தா என்ற சொல்லைக் கேட்கும்முன்பே அது என்னவென்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

பையனின் ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஒப்பவில்லை என்றால் அவர் வழியிலேயே போங்கள். இரண்டு வாத்தியார் சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கு இரண்டும் வராது.

● ஃபிங்கர்போர்டில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமா?

வீணையில் ஸ்வர இடத்தைக் காட்டும் மெட்டு (குறுக்குக் கம்பி) இருக்கிறது, வயலினில் இல்லை. ஒட்டினால் மெட்டு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவது விரலுக்கு மட்டும் ஒரு கோடு, அதுவும் சில வாரத்துக்கு என்றால் பொறுத்துக்கொள்வேன். ரிஷபத்துக்கு ஒன்று, காந்தாரத்துக்கு ஒன்று என்று வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தால் பிய்த்துவிடுவேன். கண் பார்க்கத் தொடங்கினால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும். தவிர, நம் இசையில் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. தோடி ராகத்தில் அசைந்துகொண்டே இருக்கும் காந்தாரத்துக்கு எங்கே ஒட்டுவீர்கள்?

ஸ்டிக்கருக்குப் பதில் இதைச் செய்து பாருங்கள். பொடிக் காகிதத் துண்டு ஒன்றை மடித்து, இரண்டாம் தந்தியின்மேல், ஃபிங்கர்போர்டு முடியும் இடத்துக்குச் சற்று மேலே கூரைபோல் உட்கார வையுங்கள். இப்போது முதல் தந்தியில் மூன்றாவது விரலால் மேல்ஷட்ஜம் வாசியுங்கள். விரல் சரியான இடத்தில் விழுந்தால், யாரும் தொடாத இரண்டாம் தந்தி தானாக அதிர்ந்து காகிதத்தைத் துள்ள வைக்கும். மயிரிழை தள்ளிப்போனாலும் காகிதம் சும்மா இருக்கும். ஒரு விஷயம்: காகிதத்தைத் தந்தியின் நட்டநடுவில் வைத்தால் ஸ்ருதி சுத்தமாக இருந்தாலும் அசையாது. மேல்ஷட்ஜத்துக்கு அந்தத் தந்தி இரண்டு பாதியாகப் பிரிந்து அதிர்கிறது, நடுப்புள்ளி அதிராத இடம். முன்னே சொன்ன இடத்தில் வைத்தால்தான் வேடிக்கை. பிள்ளைகள் காகிதத்துக்காக அரைமணி நேரம் மேல்ஷட்ஜம் வாசிப்பார்கள். பிறகு காகிதம் இல்லாமலே அந்த ரீங்காரத்தைக் கேட்டு விரல் வைக்கத் தெரிந்துவிடும்.

வயலின் வித்வான் எம். சந்திரசேகரன் சின்னஞ்சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். அம்மா சாருபாலா மோகன்தான் அவருக்கு குரு. 2005-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் எந்தக் கோட்டைப் பார்த்து வாசித்தார்?

● ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சாதகம்?

சின்னப் பிள்ளைக்குக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது சாதகம் ஆகாது, தண்டனை.

● இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வயலினை மாற்றிப் பிடிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். விரல் வேலை முழுக்க இடது கைக்குத்தானே? அவனுக்கு அது லாபம். வில் பிடிக்கும் கைக்கு மட்டும் மற்றவர்களைவிடச் சற்று அதிக நாள் கொடுங்கள்.

● மேற்கத்திய வயலினும் கர்நாடக வயலினும் ஒரே நேரத்தில் கற்கலாமா? ஒன்றை நின்று வாசிக்கிறார்கள், ஒன்றை உட்கார்ந்து வாசிக்கிறார்கள். குழப்பம் வராதா?

வாத்தியம் ஒன்றுதான். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் வாசித்தார். மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் பரிசளித்தார். அந்நிய வாத்தியம் என்று ஒதுக்காமல் இழுத்துக்கொண்டதற்குக் காரணம், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் நம் கமகத்தை அப்படியே பிடிக்க அதில் மெட்டுத் தடை இல்லை என்பதுதான்.

பிடிக்கும் விதம்தான் மாறியது. மேற்கத்திய முறையில் தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலின் நிற்கும். நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைச்சுருளை வலது கணுக்கால்மேல் சாய்த்து, உடல் பகுதியை இடது மார்பின் மேற்புறம் பதித்துக்கொள்கிறோம். இரண்டு முனையிலும் பிடிமானம் இருப்பதால் இடது கை எதையும் தாங்க வேண்டியதில்லை. மந்த்ரத்திலிருந்து மேலே ஒரே ஜாருவில் வழுக்கிப் போகலாம். தந்திச் ஸ்ருதியும் வேறு. மேற்கில் முதல் தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று நிலையாக இருக்கும். நாம் பாடுகிறவர் ஸ்ருதிக்கு ஏற்றி இறக்குகிறோம்.

இரண்டையும் கற்கலாம், ஆனால் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். ஒன்றில் வர்ணம் வரை வரட்டும். எனக்கு ரெக்கார்டிங்கில் தொடக்கத்தில் சிரமமாக இருந்தது கமகத்தை அடக்குவதுதான். நீண்ட ஸ்வரம் ஒன்று வந்தால் விரல் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவரத் துடிக்கும். "ஆடாம வைம்மா" என்பார் கண்டக்டர். மேற்கத்தியர் செய்யும் வைப்ராட்டோ ஸ்வரத்தைச் சுற்றியே நடக்கும் மெல்லிய அசைவு. நம் கமகம் அடுத்த ஸ்வரம் வரை போய்வரும். கைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், காதுதான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

● பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) நிற்கவே மாட்டேன் என்கிறது. ஸ்ருதி சேர்த்தால் சர்ரென்று இறங்கிவிடுகிறது.

பிரடையை வெளியே எடுத்து, சாக்பீஸ் பொடியை லேசாகத் தடவி, திருப்பும்போதே உள்நோக்கி அழுத்திக்கொண்டு திருப்புங்கள். ஒரே நேரத்தில் எல்லாத் தந்தியையும் கழற்றிவிடாதீர்கள், உள்ளே நிற்கும் சின்னக் கம்பம் சாய்ந்துவிடும். ஸ்ருதி ஏற்ற ஏற்றக் குதிரையின் தலை பிரடைப் பக்கம் சாயும். அடிக்கடி பார்த்து நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் டமார்!

● எனக்கு வயது 54. ஓய்வு பெறப்போகிறேன். இப்போது வயலின் தொடங்கினால் சிரிப்பார்களா?

முதல் மூன்று மாதம் வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள், வெளியே போய்விடுவார்கள். அதற்குத் துணிந்துவிட்டால் வாருங்கள் சார்.

பெரியவர்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. முப்பது நாற்பது ஆண்டு பாட்டுக் கேட்ட காது உங்களிடம் இருக்கிறது. கல்யாணி ராகம் என்றால் என்னவென்று குழந்தைக்குச் சொல்ல வேண்டும், உங்களுக்கு வேண்டாம். தொந்தரவும் அதிலிருந்துதான் வருகிறது. காது பெரிய வித்வான்களின் ஒலியைக் கேட்டுப் பழகிவிட்டது, கை சரளி வரிசையில் நிற்கிறது. உங்கள் ஒலி உங்களுக்கே பிடிக்காது. என்னிடம் வந்து பாதியில் விட்ட பெரியவர்கள் பெரும்பாலும் விரல் ஓடாததால் விடவில்லை, இந்த ஏமாற்றத்தால்தான் விட்டார்கள்.

தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து ஷோல்டர் ரெஸ்ட் போட்டு வாசியுங்கள், கர்நாடக சங்கீதம் கோபித்துக்கொள்ளாது. கழுத்து, தோள் வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் அன்றைக்கு நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு நான் சரளி, ஜண்டை வரிசைகளைக் கொஞ்சம் சுருக்கி, சீக்கிரமே ஒரு மோகன கீதத்துக்குப் போய்விடுவேன். அவர்களுக்கு ஒரு பாட்டு கையில் இருந்தால்தான் அடுத்த வாரம் வருவார்கள்.

● லால்குடி பாணி, பரூர் பாணி என்கிறார்களே, நீங்கள் எந்தப் பாணி கற்றுத் தருகிறீர்கள்?

சரளி வரிசைக்குப் பாணி கிடையாது!

ஆனால் கேட்பதற்கு உண்டு. ஐந்தாறு ஆண்டு ஆன மாணவர்களுக்கு வாரம் ஒருவரைக் கேட்டு வரச் சொல்வேன். லால்குடி ஜெயராமன் வாசித்ததைக் கேட்டால் சாகித்யம் (பாட்டின் சொற்கள்) காதில் விழும். எப்படி என்று கவனித்தால் சொல்லின் அசை மாறும் இடத்தில் வில் மாறும். அசை நீளும் இடத்தில் ஒரே வில்லில் சங்கதி முழுக்கப் போகும். பரூர் சுந்தரம் ஐயரின் பிள்ளை எம்.எஸ். கோபாலகிருஷ்ணனைக் கேட்டால் வில்லின் வலுவும் விரலின் பாய்ச்சலும் அசரவைக்கும். இந்துஸ்தானியிலும் அவருக்கு அதே அதிகாரம். டி.என். கிருஷ்ணன் ஒரு ஷட்ஜத்தில் நின்றாலே போதும். துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் பழைய பதிவுகளில் இரைச்சலை மீறி அந்தக் கனத்த நாதம் வரும். மைசூர் சௌடையா பெரிய சபைகளில் ஒலி எட்ட வேண்டும் என்று ஏழு தந்தி வயலினே வைத்துக்கொண்டார்.

கேட்டுவிட்டு, "நன்றாக இருந்தது டீச்சர்" என்று வந்து நின்றால் ஒப்புக்கொள்ளமாட்டேன். பல்லவி முதல் வரியில் வில் எங்கெங்கே மாறியது என்று பாடிக் காட்ட வேண்டும். பாடும்போதே வலது கையால் காற்றில் வில் போட வேண்டும். இதைச் செய்துவிட்ட பிள்ளைக்கு யாரிடம் மனம் போகிறது என்று தானே தெரியும், நான் பாணி ஒட்ட வேண்டியதில்லை.

● என் பெண்ணின் முந்தைய ஆசிரியர் தப்பாக வாசித்தால் வில்லாலேயே விரலில் தட்டுவார். அப்படித்தான் வித்தை வரும் என்கிறார் என் மாமனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாமனாருக்கு என் வணக்கம். ஆனால் அடிக்குப் பயந்த கை விறைக்கும், விறைத்த கையில் வில் ஓடாது. வில்லுக்கும் கேடு. தப்பு வந்தால் நான் ஒன்றும் சொல்லாமல் தம்பூராவின் ஒலியைக் கூட்டுவேன். பெரும்பாலும் அவர்களே நிறுத்தித் திருத்திக்கொள்வார்கள். அதற்கும் அசையாவிட்டால், "அந்த இடத்தைப் பாடு" என்பேன். பாடும்போது சரியாகப் பாடினால் குறை விரலில். பாடும்போதும் தப்பினால் குறை காதில். இரண்டுக்கும் மருந்து வேறு. தட்டிவிட்டால் எது என்றே தெரியாது.

● ஆன்லைனில் கற்கலாமா? இப்போது செயலியே ஸ்ருதி சரியா என்று பச்சை விளக்குக் காட்டுகிறதே?

வர்ணம் தாண்டியவர்கள் ஆன்லைனில் கீர்த்தனை கற்கலாம், நானே சொல்லித் தருகிறேன். தொடக்கப் பாடத்துக்கு முதல் ஆறு மாதமாவது நேரில் வாருங்கள். வில் பிடித்த கட்டைவிரல் விறைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அழைப்பில் ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து வாசிக்கவும் முடியாது. சத்தம் கூடினால் அந்த அழைப்புச் செயலிகள் தாமாகவே அமுக்கிவிடும், வில்லின் நயமெல்லாம் அங்கே காணாமல் போய்விடும்.

பச்சை விளக்கு தந்திக்கு ஸ்ருதி சேர்க்க உதவும். ஸ்வரத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டு வாசிப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் ஒன்றே.

● பையன் ஏழு ஆண்டாகக் கற்கிறான். கீர்த்தனைகள் நிறைய வாசிக்கிறான். எப்போது பக்கவாத்தியத்துக்கு அனுப்பலாம்?

எத்தனை கீர்த்தனை என்பதை விடுங்கள். தனியாக வாசிக்கிறவனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். பக்கம் வாசிக்கிறவனுக்குத் தெரியாது, தெரியாமலே கூடப் போக வேண்டும். அதற்கு நான் வைக்கும் பரீட்சைகள் வேறு.

அவன் வழக்கமாக வாசிக்கும் ஸ்ருதியிலிருந்து மாற்றி, பாடுகிற பெண்ணின் 5 கட்டைக்கு ஓரிரு நிமிடத்தில் நான்கு தந்தியையும் சேர்க்கிறானா? பாடுகிறவர் ராகத்தின் முதல் பிடியை (ராகத்தைக் காட்டும் சிறு ஸ்வரக் கோவையை) பாடியதும் கண்டுகொள்கிறானா? அவனுக்குத் தெரியாத கீர்த்தனையை எடுத்தால் பயந்து நிறுத்தாமலும், தெரிந்ததுபோல் முந்திக்கொள்ளாமலும் அரை அடி பின்னால் நிழலாகப் போகிறானா? பாடகர் ஆலாபனையில் மூச்சு எடுக்கும் இடத்தில் கடைசிப் பிடியை மட்டும் ஏந்திக்கொண்டு விடுகிறானா, அல்லது இடம் கிடைத்ததென்று கச்சேரி செய்கிறானா? பாடுகிறவர் குரல் இறங்கினால் வில்லின் கனமும் இறங்குகிறதா? கற்பனை ஸ்வரத்தில் அவர் போட்ட கணக்கைத் தன் முறை வரும்போது நினைவில் வைத்திருக்கிறானா?

இதெல்லாம் வகுப்பில் வராது. அவன் வயதில் பாட்டுக் கற்கும் பிள்ளை யாராவது தெரிந்தால் வாரம் ஒருநாள் சேர்ந்து உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளை சாதகம் செய்யட்டும், உங்கள் பையன் மிகச் சின்ன ஒலியில் கூடவே போகட்டும். பாட்டு வரிகளை அவனும் மனப்பாடம் செய்ய வேண்டும், அர்த்தத்தோடு. வரி எங்கே முடிகிறது என்று தெரியாத வில் சொல்லின் நடுவே திரும்பிக்கொண்டு நிற்கும். ஒரு வருடம் இப்படிப் போகட்டும். அந்தப் பிள்ளையின் ஆசிரியர் தாமாகவே, "வர நவராத்திரிக்கு இவனையே வாசிக்கச் சொல்லலாமே" என்பார். நீங்கள் கேட்டுப் போக வேண்டாம்.